கலைந்த படைகள் – 7: மான் காடு பெற்ற படை

ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட் மலைநாட்டுக்குக் குதிரைப்படை மரபு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. அந்த மண்ணின் போர்ப்புகழ் எல்லாம் காலாட்படையின் புகழ். 1746-ல் கலோடன் களத்தில் அழிந்தவர்களும், அதன்பின் பிரிட்டிஷ் மன்னருக்காகக் கனடாவிலும் இந்தியாவிலும் சண்டையிட்டவர்களும் நடந்து போனவர்களே. அப்படிப்பட்ட மலைநாட்டிலிருந்து 1900-ல் ஒரு தன்னார்வக் குதிரைப்படை கிளம்பியது. அதன் பெயர் லோவாட் ஸ்கௌட்ஸ். இரண்டு உலகப் போர்களையும் கண்டு, 1967-ல் பகுதிநேரச் சிப்பாய்களைக் கொண்ட டெரிட்டோரியல் படைகள் குறைக்கப்பட்டபோது அது தனிப்படை என்ற நிலையை இழந்தது. சென்ற பகுதிகளில் பார்த்த இங்கிலாந்தின் யோமன்ரிப் படைகளுக்கு 1794 முதல் தொடரும் ஒரு கதை இருந்தது: பிரெஞ்சுப் புரட்சி கண்டு மிரண்ட நிலக்கிழார்கள், அவர்களுடைய குத்தகைக்காரர்கள், சொந்தக் குதிரைகள், வருடாந்தரப் பயிற்சி முகாம். லோவாட் ஸ்கௌட்ஸுக்கு அந்த வேர் இல்லை. ஆனாலும் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் 'பழம்பெரும் ஹைலாண்ட் மரபு' என்ற சொல்லைத் தவறாமல் கையாளுகிறார்கள். அந்த மரபு எங்கிருந்து வந்தது என்பதே இந்தப் பகுதியின் கேள்வி. அது குலத்திலிருந்து வந்ததல்ல. விக்டோரியா காலத்துப் பணக்காரர்களின் மான் வேட்டை உண்டாக்கிய ஒரு தொழிலிலிருந்து வந்தது என்பது என் கருத்து.

படை பிறந்த சூழலை முதலில் பார்த்துவிடலாம். 1899 டிசம்பரில் ஒரே வாரத்துக்குள் தென்னாப்பிரிக்காவில் ஸ்டோர்ம்பெர்க், மாகெர்ஸ்ஃபொன்டெய்ன், கொலென்ஸோ என்று மூன்று இடங்களில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களிடம் பிரிட்டிஷ் ராணுவம் தோற்றது. இவற்றில் டிசம்பர் 11 அன்று மாகெர்ஸ்ஃபொன்டெய்னில் அடிபட்டது ஹைலாண்ட் பிரிகேட். போயர்கள் குன்றின் மேல் இருக்கிறார்கள் என்று நம்பி முந்தைய நாள் குன்றின் மீது பீரங்கிக் குண்டுகள் பொழிந்தன. போயர்களோ குன்றுக்கு முன்னால் சமதரையில் அகழி வெட்டி அதற்குள் கிடந்தார்கள். விடியும் நேரத்தில் நெருக்கமான அணியாக நடந்து வந்த ஹைலாண்டர்கள் நேராக அந்த அகழிகளின் வாயில் போய் விழுந்தார்கள். அவர்களுடைய தளபதி வாக்கோப் சண்டை தொடங்கிய சில நிமிடங்களிலேயே இறந்தார். பிரிகேடின் சேதம் ஏறக்குறைய 700 பேர். தோல்விக்குத் தைரியக் குறைவு காரணமல்ல. எதிரி எங்கே இருக்கிறான் என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்வர்னெஸ் பக்கத்தில் பியூலி ஊரையொட்டிய பியூஃபோர்ட் கோட்டையில் வாழ்ந்த, ஃப்ரேசர் குலத்தின் தலைவரான 28 வயது லோவாட் பிரபு சைமன் ஃப்ரேசர் இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டார். 'பார்க்கத் தெரிந்த ஆட்கள் என் மலைகளில் இருக்கிறார்கள்' என்பதே அவர் முன்வைத்த யோசனையின் சாரம். 1900 ஜனவரியில் ஆள் சேர்ப்பு தொடங்கியது. இரண்டு கம்பெனிகள், ஒன்று குதிரையேறியது, மற்றது நடந்து போவது. கட்டளைப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்ளாமல் கேமரன் ஹைலாண்டர்ஸ் படையின் தொழில்முறை அதிகாரி ஆண்ட்ரூ மர்ரேயிடம் அவர் ஒப்படைத்தது விவேகமான காரியம்.

சேர்ந்தவர்களில் முக்கியமானவர்கள் 'ஸ்டாக்கர்' என்று அழைக்கப்பட்ட மான் வேட்டைக் காவலர்களும், 'கில்லி' எனப்பட்ட அவர்களுடைய உதவியாட்களும். இவர்களுடைய அன்றாட வேலை என்ன என்று நிதானித்துப் பார்த்தால்தான் மற்றது விளங்கும். மலைநாட்டில் சிவப்பு மான் திரியும் இடத்துக்கு 'மான் காடு' என்று பெயர், ஆனால் அங்கே மரம் அநேகமாக இருக்காது. புதரும் சேறும் பாறையும் கலந்த மொட்டை மலை அது. ஒளிந்துகொள்ள எதுவுமில்லாத அந்த வெளியில் மானுக்கு முன்னூறு அடி தூரத்துக்குள் விருந்தாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஸ்டாக்கரின் பொறுப்பு. காலையில் அவர் மலைச்சரிவில் சாய்ந்து படுத்து, நீளமான தொலைநோக்கியை முழங்காலிலோ கைத்தடியிலோ தாங்க வைத்துக்கொண்டு எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். எத்தனை மான்கள், கொம்பு எத்தனை கிளை, எது வயதானது, எது காவல் நிற்கும் பெண்மான் என்று கணக்கெடுப்பார். காற்று எந்தப் பள்ளத்தில் எப்படித் திரும்பும் என்று யோசித்து, மோப்பம் போகாத பக்கமாகச் சுற்றி, ஓடைக்குள் இறங்கி, வயிற்றால் ஊர்ந்து விருந்தாளியை அழைத்துப் போவார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் அவரே. விசையை இழுப்பது மட்டும் லண்டனிலிருந்து வந்த கனவானின் வேலை. கில்லி பின்னாலிருந்து மட்டக்குதிரையைக் கொண்டுவந்து மானை ஏற்றிக் கீழே இறக்குவார். ஆகவே ஸ்டாக்கரின் திறமை சுடுவதில் முடிவதில்லை. வேறொருவர் சுடுவதற்காகப் பார்த்து, எண்ணி, தவறில்லாமல் சொல்வதில்தான் அவருடைய சம்பளமே இருந்தது. ராணுவத்தில் உளவு பார்ப்பவனுக்கும் இதே வேலைதான். மட்டக்குதிரையும் இங்கே பாய்ந்து தாக்கும் போர்க்குதிரை அல்ல. ஆளைச் சேர்க்க வேண்டிய இடம்வரை சேர்த்துவிட்டு அங்கே காத்து நிற்கும் வாகனம்.

இந்தத் தொழில் எத்தனை பழையது? இங்கேதான் பழம்பெருமைக்காரர்களோடு எனக்கு வழக்கு. மலைநாட்டவர்கள் தொன்றுதொட்டு மான் வேட்டையாடியது உண்மை. ஆனால் பழைய குலத்தலைவர்களின் வேட்டையில் நூற்றுக்கணக்கான ஆட்கள் மலையை வளைத்து மான்களை ஒரு பள்ளத்துக்குள் விரட்டி வந்தார்கள், நாய்கள் பிடித்தன. தொலைநோக்கியோடு ஒருவரிருவராகப் பதுங்கிப் போகும் முறை பரவலானதும், அதையே வருடம் முழுதும் வேலையாகக் கொண்ட ஒரு வகுப்பு உண்டானதும் 19-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முந்தைய நிகழ்ச்சி நிலவெளியேற்றம்: சதர்லாந்து போன்ற இடங்களில் 1810-களிலும் அதன்பின்னும் குடியானவர்களை மலைப்பள்ளத்தாக்குகளிலிருந்து கடலோரத்துக்குத் துரத்திவிட்டு ஜமீன்தார்கள் ஆட்டுப்பண்ணைகளை வைத்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கம்பளி மலிவாக வந்து குவிந்ததும் ஆடுகள் லாபமற்றுப் போயின. அதற்குள் விக்டோரியா அரசி பால்மோரலுக்கு வந்து குடியேறி ஹைலாண்ட் விடுமுறையை நாகரிகமாக்கியிருந்தார். ரயிலும் வடக்கே நீண்டுகொண்டிருந்தது. ஆடு போன மலைகளில் மான் வந்தது. 1912-ல் மான் காடுகளின் பரப்பு 35 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது, எண்ணிக்கை 200-க்கு மேல். வில்லியம் லூயிஸ் வினன்ஸ் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் ஒருவர் மட்டும் 2 லட்சம் ஏக்கர் அளவுக்கு மலைகளைக் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்தார். தன் வேட்டை நிலத்தில் புல் மேய்ந்தது என்பதற்காக ஓர் ஏழைக் குடியானவரின் செல்ல ஆட்டுக்குட்டி மீது வழக்குப் போட்டு, உயர்நீதிமன்றம்வரை போய் 1885-ல் தோற்ற புண்ணியவானும் இவரே. இந்தப் பணம்தான் ஸ்டாக்கர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. இந்த விருந்தாளிகளுக்காகத்தான் அந்தக் கண்கள் பழகின. 1900-ல் படையில் சேர்ந்த மூத்த ஸ்டாக்கருடைய தாத்தா பெரும்பாலும் மாடு மேய்த்திருப்பார், இல்லையென்றால் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றப்பட்டிருப்பார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லோவாட் என்ற பெயரே ஒரு படைதிரட்டும் மந்திரம் அல்லவா என்று கேட்கலாம். முன்னோரான லோவாட் பிரபு ஒருவர் பிரிட்டிஷ் மன்னருக்கு எதிரான 1745 கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக 1747-ல் லண்டன் டவர் ஹில்லில் தலை வெட்டப்பட்டார். பிரிட்டனில் அப்படி மரண தண்டனை பெற்ற கடைசி ஆள் அவர். குடும்பத்தின் நிலம் முழுதும் பறிமுதலானது. ஆனாலும் அவர் மகன் 1757-ல் அதே அரசுக்காக 78-வது ஃப்ரேசர் ஹைலாண்டர்ஸ் படையைத் திரட்டினார். 1759-ல் கியூபெக் போரில் அவர்கள் நின்றார்கள். கையில் ஓர் ஏக்கர் நிலம்கூட இல்லாத மனிதன் கூப்பிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள் என்றால், குலப்பற்று வெறுங்கதை அல்ல. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்; இந்தச் சான்றை ஒதுக்கிவிட்டு யாரும் ஹைலாண்ட் வரலாறு எழுத முடியாது. ஆனால் அந்தப் படை 1763-லேயே கலைக்கப்பட்டது. பின்னர் அமெரிக்கப் போருக்கென்று எழுந்த ஃப்ரேசர் படையும், நெப்போலியன் காலத்து உள்நாட்டுக் காவல்படையும் போரோடு போயின. அதற்கும் 1900-க்கும் நடுவே ஒரு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது; கைமாறி வந்த கொடியும் இல்லை, பயிற்சி முறையும் இல்லை. இருந்தது பெயர். பெயர் ஆள் சேர்க்க உதவும். காற்றின் திசை பார்க்கவும் தொலைநோக்கியில் எண்ணவும் பெயர் கற்றுத்தராது. தொப்பியில் பொறித்த மான்தலையும் ஃப்ரேசர் குலச்சின்னம்தான், அதைச் சுற்றிய வாசகம் பிரெஞ்சு மொழியில் இருந்தது. கேலிக் பேசிய தீவுவாசிகள் அதை எப்படிப் படித்தார்களோ.

குலப்பற்றே ஆட்களைக் கொண்டுவந்தது என்பவர்கள் இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். படைக்கு ஆள் கொடுத்த ஸ்கை தீவில் 1882-ல்தான் மேய்ச்சல் நிலத்துக்காகக் குடியானவர்கள் போலீஸோடு கல்லால் சண்டை போட்டார்கள். அதன் விளைவாக அரசு விசாரணைக் குழு அமைந்து, 1886-ல் சிறு குத்தகைதாரர்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 1887-ல் லூயிஸ் தீவில் பசியில் இருந்த மக்கள் கூட்டமாக மான் காட்டுக்குள் புகுந்து மான்களைச் சுட்டுத் தின்றார்கள். இந்தச் சண்டைகளின் சூடு ஆறாத காலத்தில், ஜமீன்தார் ஒருவரின் கொடியின் கீழ் அதே மாவட்டத்துப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததைப் பழைய விசுவாசம் என்று மட்டும் விளக்குவது பொருந்தவில்லை. 1901-ல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இம்பீரியல் யோமன்ரி என்ற தன்னார்வக் குதிரைப்படையினருக்கு ஒரு நாளைக்கு 5 ஷில்லிங் சம்பளம். சாதாரணக் காலாட்படைச் சிப்பாய்க்கு 1 ஷில்லிங். போருக்குப் பின் 1903-ல் முதல் லோவாட் ஸ்கௌட்ஸ், இரண்டாம் லோவாட் ஸ்கௌட்ஸ் என்று இரண்டு ரெஜிமெண்டுகளாகப் படை மறுபடி அமைந்தபோது, வருடாந்தர முகாமுக்குச் சொந்த மட்டக்குதிரையோடு வருபவருக்கு அதற்கும் படி கிடைத்தது. காசு அரிதாகப் புழங்கிய தீவுகளில் இது சின்ன விஷயமல்ல. அதற்காக அவர்களைக் கூலிக்காரர்கள் என்று நான் சொல்லவரவில்லை. மான் காட்டில் தினசரி வேலை எப்படிக் கிடைத்ததோ, அதே வழியில், அதே ஜமீன்தார் மூலமாக இந்த வேலையும் கிடைத்தது என்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் அவர்களுடைய பெயர் நன்றாகவே ஓங்கியது. பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் உளவுத்தலைவராக இருந்த அமெரிக்கர் பர்ன்ஹாம் அவர்களை வியந்து பாராட்டினார். மலைக்கணவாய்களை அடைத்து ஏறத்தாழ 4,000 போயர்களைச் சரணடையச் செய்த 1900 ஜூலை நடவடிக்கையில் ஹைலாண்ட் பிரிகேடோடு அவர்களும் இருந்தார்கள். ஆனால் என் வாதத்துக்கு அதைவிடப் பயனுள்ள சான்று அவர்களுடைய தோல்வி. 1901 செப்டம்பர் 20-ஆம் தேதியையொட்டிய இரவில், சாஸ்ட்ரான் ஊருக்கருகே அவர்கள் தங்கியிருந்த முகாமுக்குள் போயர் தளபதி கிரிட்சிங்கரின் ஆட்கள் சத்தமில்லாமல் புகுந்தார்கள். மர்ரேயும், அட்ஜுடண்டாக இருந்த அவர் தம்பியும் கொல்லப்பட்டார்கள். பீரங்கி ஒன்று பறிபோனது. எதிரியை முதலில் பார்ப்பதற்கென்றே திரட்டப்பட்ட படை எதிரியைப் பார்க்காமல் வீழ்ந்தது. இரத்தத்தில் ஊறிய மலைநாட்டுப் புலன் என்று ஒன்று இருந்திருந்தால் அது இரவில் உறங்கியிருக்காது. பகலில், எதிர்ச்சரிவில், நல்ல கண்ணாடியோடு செய்ய வேண்டிய தொழில் அவர்களுடையது. அந்தத் தொழிலின் எல்லைக்கு வெளியே அவர்களும் மற்ற சிப்பாய்களைப் போலத்தான்.

முதல் உலகப் போர் இந்த வேறுபாட்டைக் கண்கூடாக்கியது. 1915 செப்டம்பரில் லோவாட் ஸ்கௌட்ஸ் குதிரைகளை விட்டுவிட்டுக் கல்லிப்போலியின் சுவ்லாவில் இறங்கினார்கள். அகழிப் போர், நோய், டிசம்பரில் பின்வாங்கல். எகிப்துக்குப் போன பிறகு 1916-ல் இரண்டு ரெஜிமெண்டுகளின் ஆட்களைக் கொண்டு கேமரன் ஹைலாண்டர்ஸின் 10-வது பட்டாலியனை உருவாக்கி சலோனிகாவுக்கு அனுப்பினார்கள். பெயர், சின்னம், குழல் எல்லாம் அங்கே போயின. செய்த வேலையோ எந்தக் காலாட்படையும் செய்கிற வேலை. அதே 1916-ல் பிரான்ஸில் நடந்தது வேறு. லோவாட் ஸ்கௌட்ஸ் ஷார்ப்ஷூட்டர்ஸ் என்ற தனி அமைப்புக்காக ஸ்டாக்கர்களையும் கில்லிகளையும் தேடிப் பொறுக்கினார்கள். நடுவயது தாண்டியவர்களையும் ஒதுக்கவில்லை. இவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, தொலைநோக்கியோடு ஜெர்மன் கோடுகளைப் பார்த்து அறிக்கை கொடுத்தார்கள். முதலாம் ராணுவத்தின் ஸ்னைப்பர் பயிற்சிப் பள்ளியை நிறுவிய ஹெஸ்கத்-பிரிச்சர்ட், 1920-ல் வெளிவந்த தம் நூலில் இவர்களுடைய கண்ணாடிப் பார்வைக்குத் தந்த இடம் பெரிது. பிரிட்டிஷ் ராணுவத்தின் முதல் ஸ்னைப்பர் அணி என்று பிற்காலத்தார் இவர்களைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அவர்களுடைய பெருமை சுட்டதைவிடப் பார்த்ததில்தான் அதிகம். எப்படியானாலும், 1916-ல் படை ஒரு பக்கமும் தொழில் மறுபக்கமும் பிரிந்து போயின என்பதைக் கவனியுங்கள். மரபு குலத்தில் இருந்திருந்தால் அது சலோனிகாவில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது பிரான்ஸில்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தொழில் என்றால் கற்றுக்கொடுக்கலாம். பிரிச்சர்டின் பள்ளி அதைத்தான் செய்தது: ஆங்கிலேயக் குமாஸ்தாவுக்கும் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிக்கும் தொலைநோக்கி பிடிக்கவும், மறைவிடம் அமைக்கவும், கண்டதை நேரம் குறித்து எழுதவும் சொல்லிக்கொடுத்தது. கில்லிகளின் உருமறைப்பு அங்கியும் எல்லாப் படைகளுக்கும் பொதுச்சொத்தாயிற்று. இன்றைக்கும் உலகெங்கும் ஸ்னைப்பர்கள் அணியும் உடைக்கு அவர்கள் பெயரே. ராணுவம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, அதைத் தந்த படைக்குத் தனியான அவசியம் குறைந்துபோனது. அதே சமயம் மான் காடும் சுருங்கத் தொடங்கியது. போர் முடிந்ததும் பணக்கார விருந்தாளிகள் குறைந்தார்கள். ஊர் திரும்பிய சிப்பாய்கள் வாக்களிக்கப்பட்ட நிலத்தைக் கேட்டார்கள். 1919-ல் நிலக்குடியேற்றச் சட்டம் வந்தது. அதே ஆண்டு போரில் தீர்ந்துபோன மரத்தை மறுபடி வளர்க்க பிரிட்டன் வனத்துறை ஆணையம் ஒன்றை அமைத்தது. அதன் முதல் தலைவர் யார் என்றால், இதே லோவாட் பிரபு. போரின் பிற்பகுதியில் பிரான்ஸில் மரவெட்டுக்கு இயக்குநராக இருந்த அனுபவம் அவரை அங்கே கொண்டு நிறுத்தியது. மொட்டை மலைகளில் ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக எழும்பியதில், தன் படையைப் பெற்ற நிலத்தையே மாற்றியதில், அவருக்குப் பங்கு உண்டு. இதை முரண்பாடு என்று கேலி செய்ய எனக்கு மனமில்லை. நிலத்திலிருந்து நாட்டுக்கு எது தேவையோ அதை எடுக்கலாம் என்று நினைத்த ஜமீன்தார் அவர். 1900-ல் அது கண்கள், 1919-ல் மரம்.

இரண்டாம் உலகப் போரைச் சுருக்கமாகவே சொல்லலாம். குதிரையோடு போருக்கு அழைக்கப்பட்ட கடைசிச் சில பிரிட்டிஷ் படைகளில் ஒன்றான லோவாட் ஸ்கௌட்ஸ், 1940 மே மாதம் குதிரையில்லாமல் ஃபாரோ தீவுகளுக்குக் காவலுக்குப் போய் இரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தது. பிறகு மலைப்போர்ப் பயிற்சி, 1944 தொடக்கத்தில் கனடாவின் ஜாஸ்பரில் பனிச்சறுக்குப் பயிற்சி, அதன்பின் இத்தாலியின் அப்பென்னைன் மலைகளில் ரோந்தும் கண்காணிப்பும். பனிச்சறுக்கு ஹைலாண்ட் மரபு அல்ல. ராணுவமே கற்றுக்கொடுத்து உண்டாக்கிய புதிய திறமை. அதைக் கொண்டுதான் படை தன் இருப்புக்கு ஒரு நியாயத்தை மீட்டுக்கொண்டது. நார்மண்டிக் கரையில் பைப்பர் வாசிக்க இறங்கிய லோவாட் பிரபுவை வைத்து இந்தப் படையை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர் நிறுவனரின் மகன். தொடக்கத்தில் லோவாட் ஸ்கௌட்ஸில் இருந்தவர்தான், ஆனால் 1944 ஜூன் 6 அன்று அவர் நடத்தியது கமாண்டோ பிரிகேடை. அந்தப் புகழ் இந்தப் படையின் கணக்கில் சேராது.

போருக்குப் பின் நடந்தவை கோப்புகளின் கதை. 1947-ல் டெரிட்டோரியல் ராணுவம் மீண்டும் அமைக்கப்பட்டபோது லோவாட் ஸ்கௌட்ஸ் என்ற பெயர் ஸ்காட்டிஷ் ஹார்ஸ் படையின் ஒரு ஸ்குவாட்ரனுக்கு ஒட்டப்பட்டது. சில ஆண்டுகளில் அதைப் பீரங்கிப் படையாக மாற்றினார்கள், முதலில் மலைப் பீரங்கி, பிறகு விமான எதிர்ப்புப் பீரங்கி. 1967-க்குப் பின் மிஞ்சியவை வடக்குத் தீவுகளில் பெயரைச் சுமந்த சிறு பிரிவுகள். ஆர்க்னியில் மாணவர் கேடட் அணி மான்தலைச் சின்னத்தை அணிகிறது. இதை மரபின் தொடர்ச்சி என்று கொண்டாடுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பீரங்கிக்குப் பின்னால் நின்ற தீவுவாசிக்கும் 1900-ல் சரிவில் படுத்திருந்த ஸ்டாக்கருக்கும் பொதுவாக இருந்தது தொப்பி ஒன்றே.

என் வாதத்துக்கு ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. தொழில்தான் மரபைப் பெற்றது என்றால், அந்தத் தொழிலும் அந்த மலையும் இல்லாத இடத்தில் ஸ்காட்டிஷ் குதிரைப்படை உருவாகியிருக்கக் கூடாது. ஆனால் லோவாட் ஸ்கௌட்ஸ் கிளம்பிய அதே 1900-ன் இறுதியில், ஜோஹன்னஸ்பர்க் தங்கச் சுரங்க நகரத்தில், புலம்பெயர்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் சங்கமும் பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் விருப்பமும் சேர்ந்து, ஆதோல் பிரபுவின் மகன் டல்லிபார்டின் தலைமையில் இன்னொரு படையை எழுப்பின. அதுதான் மேலே சொன்ன ஸ்காட்டிஷ் ஹார்ஸ். அங்கே கூடியவர்கள் கடைக்காரர்கள், சுரங்க எழுத்தர்கள், பொறியாளர்கள். அவர்களில் பலர் மானைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். அவர்களை ஒன்று சேர்த்தது எது என்பதையும், 1956-ல் ஃபைஃப் அண்ட் ஃபோர்ஃபார் யோமன்ரியோடு அந்தப் படை ஏன் இணைக்கப்பட்டது என்பதையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.